தண்ணீரில் இறங்கும் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போடி, கம்பம் பக்கத்திலிருந்து மலைமேல் ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிப்போகும் ஜீப்புகளை முதலில் ஓட்டினேன். இப்போது பட்டறையில் அவற்றின் அடியில் படுத்து வேலை பார்க்கிறேன். இரண்டும் சேர்த்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மழைக்காலம் வந்தால் தண்ணீர் குடித்த வண்டிகள் வரிசையாக வரும். அவற்றில் ஓடைக்குள்ளேயே நின்றுபோனவை ஒன்றிரண்டுதான். மற்றதெல்லாம் ஓடையை நன்றாகத் தாண்டி, வீடு வந்து சேர்ந்து, மூன்று வாரமோ ஒரு மாதமோ கழித்துக் கெட்டவை. ஓட்டுநர்கள் அதை நம்பமாட்டார்கள். "அண்ணே, தண்ணியில இறங்கி ஒரு மாசம் ஆச்சே, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்பார்கள். அந்தச் சம்பந்தத்தைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

என் வண்டி எவ்வளவு ஆழம் வரை தாங்கும்?

கம்பெனிகள் ஒரு கணக்குச் சொல்கின்றன. 2020-இல் வந்த மகிந்திரா தாருக்கு 650 மி.மீ., ஃபோர்ஸ் கூர்காவுக்கும் டொயோட்டா ஹைலக்ஸுக்கும் 700 மி.மீ. 65 செ.மீ. என்றால் முழங்காலுக்கு மேலே கிட்டத்தட்ட ஒரு சாண். ஆனால் அந்தக் கணக்கு அசையாத தண்ணீருக்கு, கெட்டியான தரைக்கு, சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) எல்லாம் புதிதாக இருக்கும் வண்டிக்கு. ஐந்து வருடம் மலைப்பாதையில் அடிபட்ட வண்டிக்கு அதே எண்ணை வைத்துக்கொள்ள முடியாது.

நான் பார்ப்பது சக்கரத்தின் நடு மட்டத்தை. தார் சக்கரம் ஏறக்குறைய 79 செ.மீ. உயரம். அதன் நடு, அதாவது ஹப்பு, தரையிலிருந்து 40 செ.மீ.க்குச் சற்றுக் கீழே இருக்கிறது. தண்ணீர் அதற்குக் கீழே இருந்தால் பெரிய கவலை இல்லை. ஹப்பு முழுகினால் கிரவுன் (அச்சின் நடுவில் ஆயிலுக்குள் சுற்றும் பல்சக்கரம்), பேரிங், பிரேக் எல்லாமே முழுகியதாக அர்த்தம். போகக்கூடாது என்று சொல்லவில்லை. போனால் அன்று இரவு வேலை இருக்கிறது என்று சொல்கிறேன்.

அளப்பதற்கு ஒரே வழி, இறங்கிக் கையில் கம்போடு நடந்து பார்ப்பது. நீங்கள் நடந்து தாண்ட முடியாத தண்ணீரில் வண்டியை இறக்க வேண்டாம்.

ஓடும் தண்ணீருக்கும் நிற்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் உண்டா?

உயிர் போகும் அளவுக்கு உண்டு. ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். வண்டி 4 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம் என்றால் அடிப்பரப்பு ஏறக்குறைய 7 சதுர மீட்டர். தண்ணீர் வண்டியின் தளத்துக்கு மேலே ஏறும் ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் 700 கிலோ எடையைத் தூக்குகிறது. 1,750 கிலோ வண்டி, தளத்துக்கு மேல் 25 செ.மீ. ஏறினால் தரையை விட்டுவிடும். கதவு வழியாக உள்ளே தண்ணீர் ஏறி வண்டி மறுபடி கனமாகும் என்று நினைக்கலாம். அதற்குள் ஆறு அதைப் பத்து அடி கீழே கொண்டுபோயிருக்கும். ஓடும் தண்ணீர் 30 செ.மீ. இருந்தாலே பெரும்பாலான கார்களை அடித்துப் போகும், 60 செ.மீ. இருந்தால் எஸ்.யூ.வி.யும் பிக்கப்பும் போய்விடும் என்று அமெரிக்காவின் தேசிய வானிலைச் சேவை எச்சரிக்கிறது.

நம் ஊர் தரைப்பாலங்களில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. செம்மண் கரைந்த தண்ணீருக்குள் பாலத்தின் ஓரம் உடைந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் காத்திருங்கள். மலை ஓடைகளில் மழை விட்டதும் வெள்ளம் சீக்கிரம் வடிந்துவிடும்.

நடுத்தண்ணீரில் வண்டி நின்றுவிட்டது. செல்ஃப் அடிக்கலாமா?

அடிக்கவே கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. 2.2 லிட்டர் நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜினில் ஒரு சிலிண்டர் ஏறக்குறைய 546 சி.சி. அழுத்த விகிதம் 16-க்கு 1 என்று வைத்தால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் 36 மில்லிதான். இருமல் மருந்தோடு வரும் 10 மில்லி மூடியில் நான்கு மூடிகூட இல்லை. அதற்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இருந்தாலும் பிஸ்டன் போக வழியில்லை. ஏதாவது ஒன்று வளைந்தாக வேண்டும். வளைவது பிஸ்டனைத் தாங்கும் கம்பியான கனெக்டிங் ராட்.

தண்ணீர் ஏறி இன்ஜின் தானாக நின்றபோது ராட் தப்பித்திருக்கலாம். பதற்றத்தில் நான்கைந்து முறை செல்ஃப் அடிக்கிறார்களே, அதில்தான் வளையும். வளைந்த ராட் உடனே தெரிந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. வண்டி ஸ்டார்ட் ஆகும், சத்தம் மட்டும் கொஞ்சம் மாறியிருக்கும். ஒரு மாதம் கழித்து ஏதோ ஓர் ஏற்றத்தில் ராட் உடைந்து பிளாக்கைக் குத்தி வெளியே வந்து நிற்கும். அப்படிக் கைமுட்டி நுழையும் அளவு ஓட்டை விழுந்த பிளாக்கைப் பார்த்திருக்கிறேன். அதன் ஓட்டுநர் ஓடையைத் தாண்டியதையே மறந்துபோயிருந்தார்.

செய்ய வேண்டியது இது. சாவியை அணையுங்கள். வண்டியைக் கயிறு கட்டி வெளியே இழுங்கள். கியரில் போட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் செல்ஃப் அடிப்பது போலத்தான், அதுவும் வேண்டாம். பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து காகிதத்தைத் தொட்டுப் பாருங்கள். காகிதமும் அதற்குப் பின்னால் போகும் ஹோஸும் காய்ந்திருந்தால் பெரும்பாலும் தப்பித்துவிட்டீர்கள். நனைந்திருந்தால் மெக்கானிக் வர வேண்டும். டர்போவுக்குப் பிறகு இருக்கும் இன்டர்கூலரின் அடி ஹோஸைக் கழற்ற வேண்டும், அதற்குள் ஒரு சொம்புத் தண்ணீர் தேங்கியிருப்பது சாதாரணம். பிறகு நாசிலையோ குளோ பிளக்கையோ எல்லாச் சிலிண்டரிலும் கழற்றிவிட்டு, முதலில் கையால் இன்ஜினைச் சுற்ற வேண்டும். அப்புறம்தான் செல்ஃப். ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். அது நிற்கும் வரை சுற்றி, ஆயில் மாற்றி, பிறகு மூட வேண்டும்.

ஸ்னார்க்கல் போட்டுவிட்டால் போதுமா?

ஸ்னார்க்கல் என்பது இன்ஜின் காற்றை இழுக்கும் வாயைக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோகும் குழாய், அதாவது இன்ஜினின் மூக்கை உயர்த்துகிறது. கிரவுன், கியர் பாக்ஸ், ஒயரிங் எதற்கும் அது உதவாது. தண்ணீருக்கு இணையாகத் தூசிக்கும் நல்லது, மேலே இருக்கும் காற்று சுத்தமாக இருக்கும். ஆனால் வெளியே தெரியும் குழாயைவிட, பானட்டுக்குள் ஒவ்வொரு இணைப்பும் காற்றுப் புகாமல் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஏர் ஃபில்டர் டப்பாவின் அடியில் மழைநீர் வடிய ஒரு ரப்பர் மூக்கு இருக்கும். அதை அடைக்காமல் ஸ்னார்க்கல் மாட்டினால் கூரை உயரத்தில் குழாய் இருந்தும் தண்ணீர் கீழே இருந்தே ஏறிவிடும். கடை வேலையைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. இன்ஜினை ஓடவிட்டு ஸ்னார்க்கல் வாயை உள்ளங்கையால் மூடுங்கள். இன்ஜின் திணறி நிற்கப் பார்க்க வேண்டும். நிம்மதியாக ஓடிக்கொண்டே இருந்தால் எங்கோ வேறு வழியில் காற்று போகிறது, தண்ணீரும் அந்த வழியாகப் போகும்.

கிரவுன் ஆயில் பால் காபி நிறத்தில் வந்தது. சீல் நன்றாகத்தான் இருக்கிறது, தண்ணீர் எப்படிப் போனது?

பலரும் சீலைத் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி பிரீதர்.

அச்சுக்குள் இருக்கும் ஆயிலும் காற்றும் ஓட ஓடச் சூடாகும். காற்று விரியும், வெளியேற ஒரு வழி வேண்டும். அதற்காக ஹவுசிங்கின் மேல் கட்டைவிரல் நுனி அளவில் ஒரு சின்ன மூடி போட்டிருப்பார்கள், அதுதான் பிரீதர். போடிமெட்டு ஏற்றத்தை ஏறி முடித்த வண்டியின் கிரவுனைத் தொட்டால் கை சுடும். அந்தச் சூட்டோடு குளிர்ந்த ஓடையில் இறக்குகிறீர்கள். உள்ளே இருக்கும் காற்று 80 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு வந்தால் ஏழில் ஒரு பங்கு சுருங்கும். 3 லிட்டர் காற்று இருந்தால் 400 மில்லிக்கும் மேலே இடம் காலி. அந்த இடத்தை நிரப்ப அச்சு மூச்சை உள்ளே இழுக்கும். மூக்கு தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் இழுக்கும். பிரீதர் சேற்றில் அடைத்திருந்தால் இன்னும் மோசம். அப்போது சீலின் உதட்டு வழியாகச் சேற்றுத் தண்ணீரை உறிஞ்சும். ஆயில் சீல் உள்ளிருப்பதை வெளியே விடாமல் தடுக்கச் செய்தது, வெளியிலிருந்து இழுக்கும்போது அவ்வளவாகத் தாங்காது.

என் சொந்த வண்டியிலேயே இதைக் கற்றுக்கொண்டேன். ஒரு ஐப்பசி மாதம் தினமும் ஓர் ஓடையைக் கடந்து போய் வந்தேன். பின் அச்சில் லேசாக ஒரு "ஊஊ" சத்தம். டயர் சத்தம் என்று விட்டுவிட்டேன். கார்த்திகையில் வடிகால் போல்ட்டைக் கழற்றினால் முதலில் ஒரு டம்ளர் பச்சைத்தண்ணீர், அதற்குப் பிறகுதான் ஆயில். கிரவுனைச் சுற்றும் பினியன் பல்சக்கரத்தின் பேரிங் உருளைகளில் அம்மைத் தழும்பு போலப் புள்ளிப் புள்ளியாகத் துரு. பேரிங், கிரவுன், பினியன் எல்லாம் மாற்றினேன். ஒரு முழம் ரப்பர் குழாய் மிச்சப்படுத்தியிருக்கும் செலவு அது.

பிரீதரை எப்படி உயர்த்துவது?

பிரீதர் மூடியைக் கழற்றிவிட்டு, அதே மரையில் ஒரு ஹோஸ் நிப்பிள் மாட்டி, டீசல் தாங்கும் ரப்பர் குழாயைச் செருகி, கிளிப் போட்டு, பானட் உயரத்துக்கு மேலே கொண்டுபோய் விட வேண்டும். பின் அச்சுக் குழாயை டெயில் லேம்ப்புக்குப் பின்னால் உயரத்தில் கட்டலாம். அச்சு மேலும் கீழும் ஆடும் என்பதால் குழாயில் தளர்ச்சி விடுங்கள். குழாய் தொங்கிக் குழிந்து நின்றால் அந்தக் குழியில் ஈரம் சேர்ந்து அடைத்துவிடும், ஒரே ஏற்றமாகப் போகட்டும். நுனியில் பைக்குக்குப் போடும் சின்னப் பெட்ரோல் ஃபில்டரைச் செருகினால் தூசியும் குளவியும் போகாது. குளவி மண்கூடு கட்டி அடைத்த பிரீதரை இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

முன் அச்சு, பின் அச்சு, கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் விசையை இரண்டு அச்சுக்கும் பிரிக்கும் பெட்டி) நான்குக்கும் மூக்கு உண்டு. நான்கையும் உயர்த்துங்கள். தண்ணீரில் இறங்கும் வண்டிக்கு நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான், ஸ்னார்க்கலுக்கும் முன்னால்.

தண்ணீரில் இறங்குவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

பத்து நிமிடம் நின்று ஆறவிடுங்கள். கிரவுனும் டர்போவும் சூடு தணியட்டும், தோட்டத்து ஆட்களும் கொஞ்சம் கால் நீட்டிக்கொள்ளலாம். டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவரை லோவில் போட்டு, முதல் அல்லது இரண்டாவது கியரில், ஆள் நடக்கும் வேகத்தில் இறங்குங்கள். அந்த வேகத்தில் வண்டிக்கு முன்னால் ஓர் அலை எழும்பும், அதன் பின்னால் இன்ஜின் இருக்கும் இடத்தில் தண்ணீர் தாழும். அந்த அலையைத் துரத்தவும் கூடாது, விட்டுவிடவும் கூடாது. நடுவில் கியர் மாற்றக் கிளட்ச் மிதிக்காதீர்கள், பிளேட்டுக்கு நடுவே தண்ணீர் போய் வழுக்கும். ரீல்ஸில் வருவதுபோல் வேகமாகப் பாய்ந்து தண்ணீரைத் தெறிக்கவிட்டால் அந்தத் தண்ணீர் நேராக ஏர் ஃபில்டர் வாய்க்குத்தான் போகும்.

ஆழம் அதிகமென்றால் முன் கிரில்லுக்கு ஒரு தார்ப்பாயைக் கட்டுவது நல்லது. காரணம் ஃபேன். பழைய மேஜர், கமாண்டர் ஜீப்புகளில் ஃபேன் பெல்ட்டோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். தண்ணீர் பட்டதும் அது கப்பல் இறக்கை போல வேலை செய்து, இதழ்கள் முன்னால் வளைந்து ரேடியேட்டரைக் கீறிவிடும். பழைய ஓட்டுநர்கள் ஆற்றுக்கு முன்னால் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் தாண்டுவார்கள்.

ஒயரிங்கை எப்படிக் காப்பாற்றுவது?

புது வண்டிகளில் தண்ணீர் செய்யும் சேதத்தில் பெரும்பகுதி இங்கேதான். பழைய மெக்கானிக்கல் பம்ப் டீசலுக்குக் கரண்ட் கிட்டத்தட்ட வேண்டாம். கம்ப்யூட்டர் டீசலை அளந்து விடும் காமன் ரெயில் வண்டியில் ஒரு சென்சாரின் கப்ளரில் (ஒயர்களை இணைக்கும் சொருகி) ஈரம் போனாலும் வண்டி நின்றுவிடும்.

ஒயருக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஒயருக்குள் மெல்லிய செம்புக் கம்பிகள் சேர்ந்திருக்கும். கம்பிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போலத் தண்ணீரை இழுக்கும். அதனால்தான் ஓர் இடத்தில் நனைந்த ஒயரை, அங்கிருந்து ஒரு சாண் தள்ளி உரித்தால்கூட உள்ளே செம்பு கறுத்து, சில இடத்தில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். வெளியே ஒயர் புதுசு போலவே இருக்கும்.

இதில் பாதிக் குற்றம் தண்ணீருடையது அல்ல. கரண்ட் வருகிறதா என்று பார்க்கச் சிலர் டெஸ்ட் லேம்ப்பின் ஊசியை ஒயர்மேலேயே குத்துவார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த ஓட்டைதான் அடுத்த மழைக்கு வாசல். குத்த வேண்டாம், கப்ளரின் பின்பக்கமாகப் பாருங்கள் என்று எலக்ட்ரீஷியனிடம் தயங்காமல் சொல்லுங்கள். ஏற்கெனவே குத்தியிருந்தால் அந்த இடத்தில் பசையுள்ள சுருங்கு குழாயைப் போடுங்கள். கறுப்பு டேப்பு மட்டும் சுற்றினால் அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கூடுதல் விளக்கு, ஹார்ன், கேமரா மாட்டும்போது ஒயரை நேராகப் பெட்டிக்குள் விடாதீர்கள். கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றி உள்ளே விடுங்கள், வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும். கப்ளர்களைக் கழற்றி, காயவைத்து, உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தில் சிலிக்கான் டைஎலக்ட்ரிக் கிரீஸை மெல்லிதாகத் தடவி மூடுங்கள். இந்த கிரீஸ் கரண்டைக் கடத்தாது. அதனால் டெர்மினலுக்குள் அப்பித் திணிக்கக் கூடாது, ரப்பரைச் சுற்றித்தான்.

எர்த் போல்ட்டுகளை மறக்கவே கூடாது. சேஸில் எர்த் பிடிக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளப்பாக்கி, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். "ஹெட்லைட் போட்டால் மீட்டர் ஆடுகிறது, இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் மினுக்குகிறது" என்று வரும் வண்டிகளில் முதலில் நான் பார்ப்பது எர்த் போல்ட்டைத்தான்.

ஐ.பி. 67 விளக்கு வாங்கினேன், உள்ளே தண்ணீர் நிற்கிறதே?

ஐ.பி. என்பது தூசியும் தண்ணீரும் புகாமல் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் எண். 67 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்க வேண்டும். ஆனால் எரிந்து சூடான விளக்கைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கினால் கிரவுனுக்கு நடந்த அதே கதைதான், உள்ளே காற்று சுருங்கி ஈரத்தை இழுக்கும். ஓடைக்கு முன் விளக்கை அணைத்து ஆறவிடுங்கள். வாட்டர் சர்வீஸ் பிரஷருக்கு 67 கணக்கே கிடையாது, அதற்கு வேறு எண் வேண்டும்.

டபிள்யூடி-40 அடித்தால் போதாதா?

டபிள்யூடி-40 என்ற பெயரே தண்ணீரை விரட்டும் 40-ஆவது முயற்சி என்பதன் சுருக்கம். 1953-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் செய்தார்கள், அட்லஸ் ஏவுகணையின் வெளித்தகடு துருப்பிடிக்காமல் இருக்க அதைப் பயன்படுத்தினார்கள். நனைந்த இடத்திலிருந்து ஈரத்தைத் தள்ள நல்ல சரக்கு. ஆனால் சீக்கிரம் ஆவியாகிவிடும், மிஞ்சுவது மெல்லிய படலம்தான். பேரிங்கிலும் ஷாஃப்டின் கிராஸ் ஜாயின்ட்டிலும் அடித்தால் அங்கே இருக்கும் கிரீஸையும் கரைத்துவிடும். ஈரத்தை விரட்ட மட்டும் பயன்படுத்துங்கள்.

தாண்டிய பிறகு பிரேக் பிடிக்கவில்லை.

பயப்பட வேண்டாம். கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டிக்கொண்டே இடது காலால் பிரேக்கை லேசாக மிதித்துப் பிடியுங்கள், சூட்டில் காய்ந்துவிடும். டிஸ்க் சீக்கிரம் காயும். பின்னால் இருக்கும் டிரம் அப்படி அல்ல, உள்ளே போன சேறு வெளியே வர வழியில்லாமல் லைனரையும் டிரம்மையும் உப்புத்தாள் போலத் தேய்க்கும். சேற்றில் இறங்கிய வண்டியின் டிரம்மை அந்த வாரத்திலேயே கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். இறக்கத்துக்கு முன் பிரேக்கைச் சோதிக்காமல் மலை இறங்கவே கூடாது.

பிரேக் ஆயில் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி. ஈரம் இழுத்த பிறகு அந்தக் கணக்கு 155. போடிமெட்டு போன்ற இறக்கத்தில் அது கொதித்தால் பெடல் தரையைத் தொடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள், தண்ணீரில் இறங்கும் வண்டிக்கு வருடா வருடம் மாற்றுங்கள்.

கிரீஸ் எங்கெங்கே, எப்போது?

கிராஸ் ஜாயின்ட், ஸ்லைடிங் ஜாயின்ட், கிங்பின், ஸ்பிரிங் ஷேக்கிள். நிப்பிள் உள்ள எல்லா இடத்திலும், தண்ணீரில் இறங்கிய மறுநாளே. கிரீஸ் கன்னை இரண்டு அமுக்கு அமுக்கிவிட்டு விடக்கூடாது. உள்ளே இருக்கும் பழைய கிரீஸ் சாம்பல் நிறத்தில், தண்ணீர் கலந்து, சீல் ஓரமாகப் பிதுங்கி வரும். அதன் பின்னால் புது கிரீஸின் நிறம் வரும் வரை அமுக்க வேண்டும். கிராஸின் நான்கு முனையிலும் வருகிறதா என்று பாருங்கள். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்த முனைதான் அடுத்த மாதம் "டக் டக்" என்று அடிக்கும்.

வீல் பேரிங்குக்கு லித்தியம் காம்ப்ளக்ஸ் கிரீஸ் போடுங்கள். மலிவான கால்சியம் கிரீஸ் தண்ணீரைத் தாங்கும், பிரேக் சூட்டைத் தாங்காது.

அன்று இரவு என்னவெல்லாம் பார்க்க வேண்டும்?

வண்டியை நிறுத்தி ஒரு மணி நேரம் ஆனதும் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் கூடியிருந்தாலோ நிறம் வெளுத்திருந்தாலோ இன்ஜினை மறுபடி ஓடவிடாதீர்கள். காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்பே, இரண்டு அச்சின் வடிகால் போல்ட்டையும் மெல்லத் தளர்த்துங்கள். முழுசாகக் கழற்ற வேண்டாம். ஆயிலைவிடத் தண்ணீர் கனம், இரவு முழுக்க நின்ற வண்டியில் அது அடியில் தங்கியிருக்கும். முதலில் கசிவது ஆயிலாக இருந்தால் இறுக்கிவிடலாம். தண்ணீர் சொட்டினால் முழு ஆயிலையும் மாற்றுங்கள். ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் இரண்டும் கலந்து போயிருக்கும், அப்போது நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பாயை, கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். பல வண்டிகளில் ஒயர்கட்டும் சில பெட்டிகளும் கால்வைக்கும் இடத்திலும் சீட்டுக்கு அடியிலும் இருக்கின்றன. கார்பெட்டுக்குக் கீழே இருக்கும் பஞ்சு மேலே காய்ந்தது போலக் காட்டி அடியில் வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும்.

அப்புறம் ஓர் ஈர்க்குச்சியை எடுத்துக்கொண்டு, கதவுகளின் அடிவிளிம்பிலும் சேஸ் பட்டையின் அடியிலும் இருக்கும் வடிகால் ஓட்டைகளைக் குத்திவிடுங்கள். சேறு அடைத்தால் கதவுக்குள் தண்ணீர் தேங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் கொப்புளிக்கும்போது உள்ளே தகடு போயிருக்கும். குச்சி போதும், கம்பி வேண்டாம், பெயின்ட்டைக் கீறிவிடும்.

வண்டியை ஒரு வாரம் நிறுத்திவைக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் நன்றாக ஓட்டிக் காயவையுங்கள். ஈரத்தோடு நிறுத்தினால் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு துருவில் ஒட்டிக்கொள்ளும். ஹேண்ட் பிரேக்கும் போடாதீர்கள், கல் வையுங்கள்.

வாட்டர் சர்வீஸ் விட்டால் எல்லாம் சுத்தமாகிவிடுமே?

சேறு போக வேண்டும், அது சரிதான். ஆனால் பிரஷர் கன்னைக் கையில் வைத்திருக்கும் பையனிடம் சொல்லிவிட்டு நில்லுங்கள். ஹப்பு சீல், பினியன் சீல், கப்ளர், டைனமோ, ரேடியேட்டர் இதழ் எதிலும் கிட்டத்தில் அடிக்கக் கூடாது. ஓடை செய்யாத சேதத்தை அந்தத் துப்பாக்கி செய்யும், ஏனென்றால் ஓடைக்கு அவ்வளவு அழுத்தம் கிடையாது. இன்ஜின் பகுதிக்குத் தோட்டத்து ஹோஸும் ஒரு பிரஷும் போதும்.

சேஸுக்குப் பழைய இன்ஜின் ஆயில் அடிக்கலாமா?

எங்கள் பக்கம் எல்லாரும் செய்கிறார்கள், நானும் முன்பு செய்திருக்கிறேன், இப்போது வேண்டாம் என்கிறேன். ஓடித் தேய்ந்த ஆயிலில் அமிலம் சேர்ந்திருக்கும். ரப்பர் புஷ்ஷை ஊதவைக்கும், தூசியை ஒட்டவைத்துச் சேற்றைப் பிடித்துவைக்கும், பிரேக் லைனரில் பட்டால் பிரேக் போச்சு. மழையில் கழுவிப்போய் ஓடையில் கலக்கும். அந்த ஓடைத் தண்ணீரைத்தான் கீழே இருக்கும் ஊர் குடிக்கிறது.

அண்டர் கோட்டிங் நல்லதுதான், ஆனால் துருவின்மேல் அடித்தால் துருவை மூடிப் பொத்திவைத்தது மாதிரி ஆகிவிடும். முதலில் துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, முழுசாகக் காய்ந்த பிறகு அடிக்க வேண்டும். சேஸ் பட்டையின் உள்பக்கத்துக்கு மெழுகு வகை மருந்து கிடைக்கிறது, நீளக் குழாய் வைத்து அடிக்கலாம்.

கடல் தண்ணீர் பட்டால்?

கணக்கே வேறு. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கும் வரைக்கும், முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் தனுஷ்கோடிக்கு மணலிலும் கடலோரத் தண்ணீரிலும்தான் ஜீப்பும் வேனும் ஓடின. கடலோரத்தில் ஓடும் வண்டிகளின் தகட்டைப் பார்த்தவர்களுக்கு உப்பு என்ன செய்யும் என்று தெரியும். உப்பு காய்ந்தாலும் விடாது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே ஈரத்தை இழுத்துக் கரைந்து மறுபடி வேலையைத் தொடங்கும். அன்றைக்கே நல்ல தண்ணீரில், நிறையத் தண்ணீரில், ஸ்பிரிங் தகடுகளுக்கு நடுவிலும் கழுவுங்கள். மறுநாள் இன்னொரு முறை. முடிந்தால் இறக்காமலே இருங்கள்.

டீசல் டேங்கில் தண்ணீர் போகுமா?

ஓடையிலிருந்து போவது குறைவு. தோட்டத்தில் கேனில் வைத்திருக்கும் டீசலை மழையில் ஊற்றுவதால் போவதுதான் அதிகம். ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிக்க ஒரு திருகு இருக்கும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் முத்து முத்தாகத் தனியே நிற்கும். காமன் ரெயில் நாசில் தண்ணீரைத் தாங்கவே தாங்காது, டேஷ்போர்டில் ஃபில்டர் விளக்கு எரிந்தால் அன்றே வடியுங்கள்.

வீட்டு வாசலில் நின்ற வண்டியை வெள்ளம் மூடிவிட்டது.

2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியபோது தூத்துக்குடிப் பக்கத்திலும் பலருக்கு இது நடந்தது. நின்ற வண்டிக்கு ஒரு நன்மை உண்டு, இன்ஜின் ஓடாததால் ராட் வளைந்திருக்காது. சாவி போடாமல் இருக்கும்வரை அந்த நன்மை நீடிக்கும். ரிமோட்டையும் அமுக்காதீர்கள். தண்ணீர் எந்த மட்டம் வரை ஏறியது என்று கோடு தெரியப் படம் எடுத்து, பேட்டரியைக் கழற்றி, பட்டறைக்குக் கட்டி இழுத்துப் போங்கள். எல்லா ஆயிலும் மாற்ற வேண்டும்.

சொந்த வண்டிச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்த இன்ஷூரன்ஸில் வெள்ளச் சேதத்துக்குப் பணம் கிடைக்கும். ஆனால் தண்ணீருக்குள் ஸ்டார்ட் செய்து ராட் வளைந்தால் அதைப் பின்விளைவுச் சேதம் என்று சாதாரண பாலிசியில் தள்ளிவிடுவது வழக்கம். இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்க்கும் கவர் இருக்கிறது. ஓடைவழி உங்கள் தினசரி வழி என்றால் புதுப்பிக்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள்.

பழைய வண்டி வாங்கப் போகிறேன். தண்ணீரில் முழுகியதா என்று எப்படித் தெரியும்?

சீட் பெல்ட்டை முழுக்க இழுங்கள். யாரும் கடைசி அடிவரை கழுவமாட்டார்கள், வண்டல் கோடு அங்கே தெரியும். சீட்டைத் தாங்கும் போல்ட்டுகளில் துரு, ஹெட்லைட்டுக்குள் மங்கல், ஸ்டெப்னி இருக்கும் குழியில் மணல், டேஷ்போர்டுக்கு அடியில் உலோகத் தாங்கிகளில் துரு. இதெல்லாம் புதுப் பெயின்ட்டால் மறைக்க முடியாத இடங்கள். கிரவுன் வடிகால் போல்ட்டைத் தளர்த்திப் பார்க்க அனுமதி கேளுங்கள். விற்பவர் ஐந்து நிமிடம் பொறுக்கமாட்டேன் என்றால் வேறு வண்டி பாருங்கள்.